47 வைரம் என்றார்கள், எத்தனை கிலோ பாறையில் என்று சொல்லவில்லை

வைரத் தேடலில் முதலீடு என்று யாராவது வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் போட்ட பணம் இனி வராது.

அந்தச் சின்ன நிறுவனத்தின் ஆள் (பெயர் வேண்டாம்) பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே கருஞ்சிவப்பும் ஊதாவுமாகக் கடுகளவு மணிகள். பைரோப் கார்னெட் என்ற கனிமம். "இது இருந்தால் பக்கத்தில் கிம்பர்லைட் இருக்கும் சார்" என்றார். அது முழுப் பொய்யில்லை. ஓடைமணலில் இந்த மணிகளின் தடம் பிடித்துத்தான் கிம்பர்லைட் என்ற எரிமலைப் பாறை நிறைந்த குழாயைத் தேடுகிறார்கள். ஆனால் கிம்பர்லைட் வைரத்தைச் சுமந்து வரும் வண்டி மட்டுமே. சுமார் 150 கிலோமீட்டருக்குக் கீழே வைரம் உள்ள பாறையைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தால்தான் சரக்கு இருக்கும். ஆயிரக்கணக்கான கிம்பர்லைட்டுகளில் சுரங்கமானவை மிகச் சிலதான். அந்த மணியில் குரோமியம் கூடுதலாகவும் கால்சியம் குறைவாகவும் உள்ள, வைரம் இருக்கும் வாய்ப்பைக் காட்டும் 'ஜி10' ரகம் உண்டா என்பதை ஆய்வகம்தான் சொல்லும். நான் கேட்கவே இல்லை.

அடுத்து அறிக்கை வந்தது: 47 வைரங்கள்! பளபளவென்று படங்கள், பக்கத்தில் அளவுகோல் கிடையாது. நிலவியல் படித்த நண்பன் பார்த்துவிட்டு, "எத்தனை கிலோ பாறையைக் கரைத்தார்கள்? எந்தச் சல்லடை?" என்றான். பலமுறை கேட்டபிறகு பதில் வந்தது. அநேகமாக எல்லாமே அரை மில்லிமீட்டருக்குக் கீழே. 47-ஐயும் சேர்த்தாலும் கால் காரட் (0.05 கிராம்) தேறாது.

100 டன்னுக்கு எத்தனை காரட், ஒரு காரட் என்ன விலை, இரண்டும் தெரியாமல் கணக்கே இல்லை. லெசோத்தோவின் லெட்செங் சுரங்கத்தில் 100 டன்னுக்குக் கிடைப்பது 2 காரட் போலத்தான். பெரிய கற்கள் என்பதால் கட்டுபடியாகிறது. ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கத்தில் வைரம் கொட்டிக் கிடந்தது, ஆனால் பெரும்பாலும் விலை குறைந்த பழுப்புநிறச் சிறு கற்கள். விலையைக் கணிக்கவே சில ஆயிரம் காரட் கையில் வேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கான, சிலசமயம் ஆயிரக்கணக்கான டன் பாறையைத் தோண்டி அரைக்க வேண்டும். இவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

1872-ல் அமெரிக்காவில் நிலத்தில் வைரத்தைத் தூவிவைத்துப் பெரிய பணக்காரர்களையே ஏமாற்றினார்கள். கிளாரன்ஸ் கிங் என்ற நிலவியலாளர் நேரில் போய்ப் பார்த்து அதை அம்பலப்படுத்தினார். என் ஆட்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. உண்மையான கல்லைக் காட்டி, பாறையின் எடையை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

போன மாதம் மறுபடி அழைத்தார்கள். இன்னொரு குழாய் கிடைத்திருக்கிறதாம். "எத்தனை டன் அரைத்துப் பார்த்தீர்கள்?" என்றேன். மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னவர்கள் இன்னும் அனுப்பவில்லை.