டபுள் மார்க்கர் ரிப்போர்ட்டும் ஜெனடிக் கவுன்சிலிங்கும்: என் ரிவ்யூ

வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஸ்கேன் சென்டர்ல கர்ப்பத்தோட 12வது வாரம் என்டி ஸ்கேனும் (குழந்தையோட கழுத்துக்குப் பின்னாடி இருக்கற நீரை அளக்குற ஸ்கேன்) டபுள் மார்க்கரும் (குரோமோசோம் கோளாறு ரிஸ்க் பாக்குற ரத்த டெஸ்ட்) எடுத்தேன், ரிப்போர்ட்ட கவர்ல போட்டு டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு அனுப்பிட்டாங்க, ஆட்டோல பிரிச்சுப் பாத்தா டிரைசோமி 21 (21வது குரோமோசோம் ஒண்ணு கூடுதலா இருக்கறது, அதாவது டவுன் சிண்ட்ரோம்) ரிஸ்க் 1:310னு இருக்கு, மாமியார் அங்கயே அழ ஆரம்பிச்சுட்டாங்க. அந்த சென்டருக்கு 1 ஸ்டார், அதுவும் ஏசிக்கு.

அப்புறம் வேற இடத்துல கவுன்சிலிங் போனோம். அந்த மேடம் பொறுமையா உக்காந்து, "310 பேர்ல 309 பேருக்கு அது இல்லன்னு அர்த்தம்மா"ன்னாங்க, பாதி பயம் போச்சு. டவுன் சிண்ட்ரோம் உலக அளவுல சுமாரா 700, 800 பிரசவத்துக்கு ஒண்ணாம், ஆனா அம்மாவுக்கு 25 வயசுன்னா 1250ல ஒண்ணு, 40னா 100ல ஒண்ணு, எனக்கு 35, அதனால டெஸ்ட்டே எடுக்கலன்னாலும் 350 பக்கம்தான். டிரைசோமி உள்ள கரு நெறைய பொறக்குறதுக்கு முன்னாடியே கலைஞ்சுடுமாம், அதனால வயித்துல எண்ணுனா ஒரு கணக்கு, பொறந்தப்புறம் எண்ணுனா வேற கணக்கு. கிளைன்ஃபெல்டர்தான் (ஆம்பளைங்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒண்ணு கூடுதலா இருக்கறது) ஆச்சரியம், ஆம்பளப் பசங்கள்ல 500லருந்து 1000க்குள்ள ஒருத்தருக்கு இருக்கு, பாதிப் பேருக்கு மேல கடைசி வரைக்கும் தெரியறதே இல்லயாம், அப்ப ஆஸ்பத்திரி ரெக்கார்ட வச்சு எண்ணுனா எப்டி சரியா வரும்?

என்ஐபிடி (அம்மா ரத்தத்துல இருக்கற குழந்தையோட டிஎன்ஏவ பாக்குற டெஸ்ட்) எடுத்தோம், லோ ரிஸ்க். அதுவும் ஸ்கிரீனிங்தான், உறுதியா தெரியணும்னா பனிக்குட நீர் எடுக்கணும்னு மறைக்காம சொன்னாங்க. ஃபீஸ் ஜாஸ்தி, பார்க்கிங் சுத்தமா இல்ல. 4 ஸ்டார்.