நாகர்கோவிலில் கேமிங் மானிட்டர் வாங்கப் போகிறீர்களா? பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

நம்ம மாவட்டத்தில் கேமிங் மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையில் ஓடவிட்டுக் காட்டுவது ஒன்று, கையில் கொடுத்து அனுப்புவது வேறொன்று. எங்கள் வீட்டில் நடந்தது இது.

என் தம்பியிடம் ஆர்டிஎக்ஸ் 4080 கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் இருக்கிறது. சவூதியில் இருக்கும் அத்தான் அனுப்பிய பணத்தோடு அவன் சேர்த்து வைத்ததையும் போட்டு வாங்கியது. அதற்கு 1440பி (2560 x 1440 பிக்சல்), 144 ஹெர்ட்ஸுக்குக் (நொடிக்கு 144 தடவை படம் புதுப்பிக்கும் வேகம்) குறையாத மானிட்டர்தான் வேண்டும் என்பதில் அவன் தெளிவாக இருந்தான். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 1440பியில் 36.9 லட்சம். இவ்வளவு பெரிய கார்டுக்கு 1080பி மானிட்டரை மாட்டினால் பல கேம்களில் பிராசசர்தான் திணறும், கார்டு பாதி சும்மா கிடக்கும்.

நாகர்கோவிலில் ஒரு கடை. ஷோகேஸில் 27 இன்ச், 1440பி, 165 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் பேனல் (எல்சிடி திரையில் ஒரு வகை) போட்ட மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. "இதேதான் தம்பி, புது பீஸ் குடோன்ல இருக்கு, எடுத்துத் தாறேன்" என்றார் கடைக்காரர். 22,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில்லில் மாடல் எண்ணை எழுதச் சொன்னதற்கு, "அதான் பெட்டியிலயே இருக்குல்லா" என்று சொல்லி, '27 கேமிங் மானிட்டர்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் மாட்டியதுமே எழுத்துகளின் ஓரம் பிசிறடித்தது. விண்டோஸ் செட்டிங்கில் 1920 x 1080க்கு மேல் போகவே இல்லை. பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தால், ஷோகேஸில் இருந்த அதே கம்பெனி, அதே பெயர், மாடல் எண்ணில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் வேறு. ஸ்டாண்டுகூட ஒரே மாதிரி. ஆனால் இது 1080பி, விஏ என்ற வேறு வகை பேனல், ஆன்லைனில் பல ஆயிரம் ரூபாய் குறைந்த விலை. இருட்டான இடத்தில் கேமராவைத் திருப்பினால் ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் கறுப்பாக ஒரு இழுவல் வருகிறது. விலை குறைந்த விஏ பேனல்கள் பலவற்றில் இந்தத் தொல்லை உண்டு. கறுப்பிலிருந்து வேறு நிறத்துக்கு மாற பிக்சலுக்கு நேரம் பிடிக்கும். பெட்டியில் '1 எம்எஸ்' (மில்லிசெகண்ட்) என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் எம்பிஆர்டி என்று அடித்திருந்தார்கள். அது நகரும் படம் கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரியும் என்பதற்கான அளவு, பிக்சல் நிறம் மாறும் வேகம் இல்லை. நிறம் மாறும் வேகத்தைச் சொல்வது ஜிடிஜி என்ற வேறு அளவு.

திருப்பிக் கொண்டுபோனால், "பெட்டிய உடைச்சாச்சே, இனி எடுக்க முடியாது. கம்பெனியில பேசுங்க" என்றார். சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, இந்த மாடல் சொன்னபடிதான் வேலை செய்கிறது, குறை ஒன்றும் இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஒன்றைக் காட்டிவிட்டு வேறு மாடலைக் கொடுத்தது கடைதான்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வியாபாரி சொன்ன தரம் பொருளில் இல்லையென்றால் அதுவும் குறைபாடுதான். பில்லில் வேறு கெடு எழுதியிருக்காவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பெட்டியைத் திறந்துவிட்டீர்கள் என்று அதட்டினால் பயந்து திரும்பி வர வேண்டியதில்லை.

வாங்கும்போது முழு மாடல் எண்ணும் பில்லில் வந்தாக வேண்டும். எழுத மறுத்தால் அடுத்த கடை, இல்லையென்றால் திருவனந்தபுரம். உங்களுக்குத் தரும் பெட்டியை அங்கேயே பிரித்து ஓடவிடச் சொல்லுங்கள். விண்டோஸ் 11ல் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் ரெசல்யூஷனும் ஹெர்ட்ஸும் தெரியும். கேபிள் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 1440பியை 144 ஹெர்ட்ஸில் ஓட்ட முடியாது, டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் கேட்டு வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ல் புகார் பதிந்துவிட்டோம். கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை. அடுத்து நாகர்கோவில் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். ஷோகேஸ் மானிட்டரைத் தம்பி அன்றைக்கே வீடியோ எடுத்திருந்தான். அதில் கடைக்காரர் "இதேதான் தம்பி" என்று சொல்வது தெளிவாகக் கேட்கிறது. மனுவோடு அதையும் கொடுக்கிறோம்.