உப்புக்காற்றில் தாழ்த்திய கார்: ஏர் சஸ்பென்ஷனா, காயில் ஸ்பிரிங்கா?

மண்டபத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. தரையிலிருந்து 165 மி.மீ. உயரத்தில் நின்ற என் செடான் காரைத் தாழ்த்துவதற்காக இரண்டு ஆண்டுகள் ஏர் சஸ்பென்ஷனையும் (காற்றடைத்த பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு), அதைக் கழற்றியபின் மூன்று ஆண்டுகளாகக் குட்டையான காயில் ஸ்பிரிங்கையும் (எஃகுச் சுருள்வில்) பயன்படுத்தி வருகிறேன்.

ஓட்டும் சுகத்தை மட்டும் கேட்டால் ஏர் சஸ்பென்ஷன் பக்கமே நிற்பேன். கீழக்கரை, ஏர்வாடி வழியில் ஊருக்கு ஊர் எதிர்ப்படும் வேகத்தடைகளுக்கு முன்னால் பொத்தானை அழுத்தினால் வண்டி எழுந்துகொள்ளும். பாரத்துக்கேற்பப் பெல்லோ எனும் ரப்பர் காற்றுப்பையில் காற்றைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதால், பின்னிருக்கையில் மூவரும் டிக்கியில் கருவாட்டு மூட்டையும் இருந்தாலும் உயரம் மாறாது. அழுத்தம் கூடும்போது விறைப்பும் கூடுவதால் ஆட்டமும் ஏறத்தாழ முன்போலவே இருக்கும். காயில் ஸ்பிரிங் பாரத்துக்கு அமுங்கத்தான் செய்யும்.

வில்லங்கம் உப்புக்காற்றால் வந்தது. பைகளுக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் உறிஞ்சும் ஈரக்காற்று அழுத்தப்படும்போது, அந்த ஈரம் காற்றுத் தொட்டியில் நீராகத் தங்கிவிடுகிறது. வடிகால் திருகை ஒரு மாதம் மறந்திருந்து திறந்தபோது, கடுந்தேநீர் நிறத்தில் அரை தம்ளர் துருநீர் சீறிக்கொண்டு வந்தது. இரண்டாம் ஆண்டு கச்சான் காற்று வீசிய நாட்களில், ஒரு காலை காரின் பின்பக்க இடது மூலை டயரின்மேல் குந்தியிருந்தது. சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தால், குழாய் இணைப்பின் கழுத்தில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. கசிவு சிறியதுதான், அதை ஈடுகட்ட ஓயாமல் ஓடிய கம்ப்ரசர்தான் சூடேறி அந்த மாதமே படுத்துவிட்டது. பொருத்திக் கொடுத்த கடை மதுரையில் இருந்ததால், வண்டியை ஏற்றிச்சென்ற வாடகையே பழுதுச் செலவை நெருங்கியது.

பிறகு 30 மி.மீ. தாழ்த்தும் காயில் ஸ்பிரிங்கைப் போட்டேன். பழைய ஷாக் அப்சார்பரையே வைத்துக்கொண்டால் அது ஏறி இறங்க இடம் குறைந்து பம்ப் ஸ்டாப் எனும் ரப்பர் தடையில் முட்டும் என்று மெக்கானிக் எச்சரித்ததால், குட்டை உயரத்துக்கு ஏற்றவற்றையும் சேர்த்தே மாற்றினேன். வீல் அலைன்மென்ட்டை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது முழுக்க என் தவறு. உயரம் குறைந்தால் கேம்பரும் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் கோணம்) மாறும் என்பதை முன் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்த பிறகே உணர்ந்தேன். பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளில் ஏறும்போது குட்டை ஸ்பிரிங்கின் விறைப்பு முதுகுக்கு நன்றாகவே தெரிகிறது.

காயில் ஸ்பிரிங்கும் துருவுக்குத் தப்பியதன்று. 2017-இல் திறக்கப்பட்ட, தனுஷ்கோடி முனைக்குப் போகும் அரிச்சல்முனைச் சாலையில் போய்வரும் ஒவ்வொரு முறையும், காற்றோடு வரும் மணல் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே சிக்கி மேற்பூச்சைத் தேய்க்கிறது. வீடு திரும்பியதும் அந்த இடத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுகிறேன். குடிநீரை விலைக்கு வாங்கும் வீட்டில் இதை எவரும் ரசிப்பதில்லை. ஆயினும் மூன்று ஆண்டுகளில் நகத்தால் சுரண்டினால் உதிரும் அளவுக்கு மேல்துரு மட்டுமே ஏறியிருக்கிறது. வண்டி ஒரு நாளும் வழியில் நின்றதில்லை.

பரமக்குடி போலக் கடலைவிட்டு விலகிய ஊரில், காற்றுலர்த்தி பொருத்தி, வடிகாலைத் தவறாமல் திறந்துவிடுபவருக்கு ஏர் சஸ்பென்ஷனை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நான் மண்டபத்தில் இருக்கும்வரை காயில் ஸ்பிரிங்தான், அதுவும் 30 மி.மீ.க்கு மேல் இறக்காமல்.