32 வெள்ளிக்கு ஒரு நிழல்: மடக்கு டிஃப்யூசர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், காலை 10 மணிக்கெல்லாம் அரணைகள் சிமெண்டுத் திட்டில் வெயில் காய வந்துவிடும். படம் எடுத்தால் முதுகு வெள்ளையாக எரிந்துபோகும், வயிற்றுப் பக்கம் கரிக்கட்டை. அதற்காகத்தான் 60 செ.மீ. மடக்கு டிஃப்யூசரை, அதாவது வெயிலை மென்மையாக்கும் வெள்ளைத் துணி வளையத்தை, இணையத்தில் 32 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன்.

வெள்ளைத் துணியை வெயிலுக்கும் அரணைக்கும் நடுவில் பிடித்தால் போதும். நிழலின் விளிம்பு கரைந்து, செதிலின் வெண்கல நிறம் அப்படியே தெரிகிறது. துணி எவ்வளவு கிட்டே வருகிறதோ அவ்வளவு மென்மை. சட்டென்று நீட்டினால் மட்டும் ஓடிவிடும். தரையோடு தரையாக நகர்த்தவேண்டும். வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிறது, அதனால் கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 200-லிருந்து 400-க்கு ஏற்றிக்கொண்டேன்.

பால்மரத்து (ரப்பர் மரத்து) பறக்கும் ஓணானிடம் இது பலிக்கவில்லை. ஆளைக் கண்டதும் மரத்தின் மறுபக்கம் போய்விடுகிறது.

டிஃப்யூசர் பையின் ஜிப் இரண்டாம் வாரமே பிய்ந்தது, விற்றவரிடம் கேட்டால் பதிலே இல்லை. மடக்கத் தெரியாமல் முதல் நாள் அரை மணி நேரம் போராடினேன், அது தனிக் கதை. அப்புறம், ஒற்றை ஆளால் முடியாது. தம்பி மகன்தான் பிடிக்கிறான், ஒரு படத்துக்கு ஒரு ஐஸ் கச்சாங் (துருவிய ஐஸ் இனிப்பு) கணக்கில்.