வாரம் ஒரு குத்து: தையல்காரனின் ஒன்பது மாதக் கணக்கு

நாற்பது வருஷமாக ஊசியோடுதான் என் பிழைப்பு. விரலில் எத்தனை தடவை ஏறியிருக்கும் என்று கணக்கே கிடையாது. ஆனாலும் டாக்டர், "வாரத்துக்கு ஒண்ணு, நீங்களே வயித்துல போட்டுக்கலாம்" என்றதும் உள்ளங்கை வியர்த்துவிட்டது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டும் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் கணக்கு, 8.9, எடை 94 கிலோ. வேறு வழியில்லாமல் செமாக்ளுடைட் என்கிற மருந்து அடைத்த ஊசிப் பேனாவை வாங்கி வந்தேன்.

பயந்தது வீண். பேனா முனையில் மாட்டுகிற ஊசி 4 மில்லிமீட்டர். பித்தான் தைக்கிற ஊசிக்கு முன்னால் அது ஊசியே இல்லை.

இது இன்சுலின் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். இல்லை. நாம் சாப்பிட்டதும் குடல் ஜிஎல்பி-1 என்றொரு ஹார்மோனை விடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது அது கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்கவைக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும், மூளைக்குப் 'போதும்' என்று சேதி அனுப்பும். உடம்பில் ஊறும் ஜிஎல்பி-1 ஓரிரண்டு நிமிஷத்தில் பாதி சிதைந்துவிடும். செமாக்ளுடைட் அதன் நகல்தான். ஆனால் அதில் ஒரு கொழுப்பு அமில வாலை ஒட்டிவிட்டிருக்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்கிற புரதத்தை அந்த வால் பிடித்துக்கொள்வதால், பாதி குறையவே ஒரு வாரம் ஆகிறது. எங்கள் பாஷையில் லைனிங் கொடுத்துத் தைத்த துணி. இந்த வகையில் முதலில், 2005இல், வந்த எக்ஸனடைட் மருந்துக்கு மூலம் கிலா என்கிற விஷப்பல்லியின் எச்சிலாம். எவன் போய் அதன் வாயைத் திறந்து பார்த்தானோ!

முதல் நான்கு வாரம் 0.25 மில்லிகிராம். ஒன்றும் நடக்கவில்லை, காசு தண்டம் என்று புலம்பினேன். அந்த அளவு வயிற்றைப் பழக்குவதற்குத்தான் என்று பிறகுதான் புரிந்தது. 0.5க்கு ஏறிய வாரம் பழைய ஞாபகத்தில் தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி முழுக்க வாஷ்பேசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். குமட்டல் ஒரு மாதத்தில் போய்விட்டது. மலச்சிக்கல் இன்னும் போகவில்லை.

இன்னொரு நாள் மத்தியானம் ஊசியில் நூல் கோக்க முடியாமல் கை நடுங்கியது. சர்க்கரை 62. தப்பு இந்த ஊசியுடையது மட்டுமல்ல, கூடவே போட்டுக்கொண்டிருந்த கிளிமிபிரைடு என்கிற சர்க்கரை மாத்திரையும் சேர்ந்து இறக்கிவிட்டது. டாக்டர் அதைப் பாதியாக்கினார். அந்த மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதல் நாளே கேட்டுவிடுங்கள். கணைய அழற்சி வந்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிடித்த விஷயம் எடையல்ல. பதினொரு மணிக்குத் தானாகப் பிஸ்கட் டப்பாவுக்குப் போகிற கை, போக மறந்துவிட்டது. தட்டில் பாதி மிச்சம் வைத்து எழுந்தபோது, சமையல் சரியில்லையோ என்று மனைவி முகம் சுண்டிப்போனாள்.

பேனாவைப் பற்றிக் குறை உண்டு. அளவு காட்டும் எண்கள் பொடிப்பொடியாக இருக்கின்றன, கண்ணாடி இல்லாமல் தெரியாது. 0 வந்த பிறகும் அழுத்திப் பிடித்து 6 எண்ணவேண்டும். அவசரப்பட்டால் மருந்து தோலில் வழியும். குத்திய ஊசியைக் கழற்றாமல் வைத்து ஒரு தடவை ஒழுகவிட்டேன், அது என் சோம்பேறித்தனம். பிரிக்காத பேனா 2 முதல் 8 டிகிரியில் இருக்கவேண்டும். உறைந்துவிட்டால் தூக்கிப் போடவேண்டியதுதான்.

இப்போது 1 மில்லிகிராம். எச்பிஏ1சி 6.8, எடை 86. எடை 15 சதவீதம் குறையும் என்று பேசுகிறார்களே, அது சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு 2.4 மில்லிகிராம் கொடுத்து 68 வாரம் நடத்திய ஆய்வின் கணக்கு. நம்மைப் போன்றவர்களுக்குப் பொதுவாக அதைவிடக் குறைவுதான். அதே ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு, ஒரு வருஷத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். இடுப்பு 42இலிருந்து 39 ஆனதால் என் பேண்டுகளை நானே பிடித்துத் தைத்துக்கொண்டேன். உள்ளே மடித்த துணியை மட்டும் வெட்டவில்லை.