அபூ சம்ரா – சல்வா எல்லைச் சாவடி: காரில் கடப்பவர்களுக்கு

கத்தாருக்குத் தரைவழி வாசல் ஒன்றே ஒன்றுதான். கத்தார் பக்கம் அதன் பெயர் அபூ சம்ரா, சவூதி பக்கம் சல்வா. தோஹாவிலிருந்து சல்வா ரோட்டில் சுமார் 100 கி.மீ. போனால் வரும். அங்கிருந்து சவூதியின் ஹுஃபூஃப் நகரம் இன்னும் ஏறக்குறைய 150 கி.மீ. உம்ராவுக்குக் காரில் கிளம்புகிற நம் ஆட்களும், தம்மாமில் இருக்கும் அண்ணன் தம்பி வீட்டுக்குப் போகிறவர்களும் இதைத்தான் கடக்க வேண்டும். 2017 ஜூன் 5-இல் மூடி, 2021 ஜனவரி 9-இல் திறந்த வாசல் இது. இப்போது நன்றாகவே இயங்குகிறது. ஆனால் காகிதம் சரியில்லாதவரைத் தயவு பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கத்தார் பக்கத்தில் முதலில் பார்ப்பது வண்டியைத்தான். அபராதம் பாக்கி இருந்தால் வண்டி நகராது. 2024 செப்டம்பர் முதல் அபராதம் கட்டாத ஆளும் எந்த வழியாகவும் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. கிளம்புவதற்கு முந்தைய நாளே கத்தார் உள்துறை அமைச்சகத்தின் மெத்ராஷ் செயலியில் பார்த்துக் கட்டிவிடுங்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகும் காருக்குத் தனி வெளியேற்ற அனுமதி தேவையில்லை. ஆனால் ஓட்டுபவரே உரிமையாளராக இருக்க வேண்டும், அல்லது உரிமையாளரின் சம்மதம் கையில் இருக்க வேண்டும். கம்பெனி வண்டியில் போகிறவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். இஸ்திமாராவில் (வண்டிப் பதிவு அட்டையில்) கம்பெனி பெயர் இருக்கும், ஓட்டுபவர் கையில் கடிதம் இருக்காது. வங்கிக் கடனில் வாங்கிய காராக இருந்தால் வங்கியின் ஆட்சேபணையில்லாக் கடிதத்தையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. மெத்ராஷிலேயே முன்பதிவு செய்தால் தனி வரிசை உண்டு. பெருநாள் விடுமுறையில் அது பெரிய உதவி.

சல்வா பக்கம் போனதும் ஜவாசாத், அதாவது சவூதி பாஸ்போர்ட் துறையின் கவுன்டர். முதல் முறை நுழைபவர்களிடம் கைரேகையும் படமும் எடுப்பார்கள். குடும்பமாகப் போனால் இதற்கே நேரம் பிடிக்கும். கத்தார் இக்காமா (வசிப்பு அனுமதி) வைத்திருப்பவர்கள் சவூதி இ-விசாவை வீட்டிலேயே எடுத்துவிட வேண்டும். அதற்கு இக்காமா குறைந்தது மூன்று மாதமும் பாஸ்போர்ட் ஆறு மாதமும் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். அடுத்தது இன்சூரன்ஸ். கத்தார் பாலிசி சவூதியிலும் செல்லும் என்று நம்பிப் போகாதீர்கள். பாலிசியில் சவூதி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வெளிநாட்டு வண்டிகளுக்கான மனாஃபித் இன்சூரன்ஸ் வாங்க வேண்டும். ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கினால் ஒரு வரிசை மிச்சம்.

கடைசியில் சுங்கம். இங்கே நம்மவர்கள் தெரியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. சவூதியில் கசகசாவும் ஜாதிக்காயும் தடை. ஊரிலிருந்து அரைத்து வந்த குருமா மசாலாப் பொடியில் இரண்டும் இருக்கலாம். பையில் தனிப் பொட்டலமாக இருந்தால் கேள்வி நிச்சயம். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ட்ரமடால், ப்ரீகாபலின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் எடுத்துப் போகவே கூடாது. 60,000 சவூதி ரியாலோ அதற்கு மேலோ கையில் இருந்தால் அறிவிக்க வேண்டும், திரும்பி வரும்போது கத்தாரில் அந்த வரம்பு 50,000 கத்தார் ரியால்.

சவூதியிலிருந்து தோஹாவுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு வேலை. சவூதி அரசின் அப்ஷெர் செயலியில் வெளியே போய்த் திரும்பி வருவதற்கான எக்ஸிட் ரீ-என்ட்ரி அனுமதி (ஒருமுறைக்கு, இரண்டு மாதம் வரை 200 ரியால்), பிறகு கத்தாரின் ஹய்யா விசா தளத்தில் வளைகுடாவில் வசிப்பவர்களுக்கான பிரிவில் கத்தார் அனுமதி. முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவதை மறப்பவர்கள்தான் இரண்டு சாவடிக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

அபுதாபியிலிருந்து தோஹாவுக்குக் காரில் வருபவர்கள் வரைபடத்தை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். அமீரகத்துக்கும் கத்தாருக்கும் தரை எல்லை கிடையாது. சவூதியும் அமீரகமும் போட்ட 1974 ஜித்தா ஒப்பந்தத்தில் கோர் அல் உதைத் என்ற கடற்கழிப் பக்கத்துக் கரையோரம் சவூதிக்குப் போனதால், நடுவில் சவூதி மண் வருகிறது. ஆகவே குவைஃபாத்–பத்ஹா ஒன்று, சல்வா–அபூ சம்ரா ஒன்று என இரண்டு எல்லை. போக ஒருமுறை, வர ஒருமுறை சவூதிக்குள் நுழைய வேண்டும். ஒற்றை நுழைவு விசாவில் வந்தவருக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். பலமுறை நுழைவு விசாதான் எடுக்க வேண்டும்.

இந்தச் சாவடியை நம்பிப் பயணம் திட்டமிடலாமா என்ற கேள்விக்கு, கவுன்டர் வேகத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. 1992 செப்டம்பரில் இதே எல்லையில் அல் கஃபூஸ் காவல்நிலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தன் வீரர்கள் இருவர் இறந்ததாகக் கத்தார் சொன்னது. அது பதூயின்களுக்குள் (பாலைவன நாடோடிகளுக்குள்) நடந்த மோதல் என்றது சவூதி. எகிப்து அதிபர் முபாரக் நடுவில் நின்று, அந்த டிசம்பரிலேயே மதீனாவில் உடன்பாடு வந்தது. கோடு போட்ட வரைபடங்களில் இறுதிக் கையெழுத்து விழ 2001 மார்ச் ஆனது.

2014-இல் சவூதி, அமீரகம், பஹ்ரைன் மூன்றும் தோஹாவிலிருந்து தூதர்களைத் திரும்ப அழைத்தன. எட்டு மாதம் தூதர் இல்லை, ஆனாலும் இந்த வாசல் திறந்தே இருந்தது. 2017-இல் அப்படி இல்லை, சவூதியும் அதன் கூட்டாளி நாடுகளும் கத்தாருடன் உறவை முறித்த அன்றே வாசலும் மூடியது. கத்தாரின் உணவில் சுமார் 40 விழுக்காடு இந்த வழியாக வந்துகொண்டிருந்தது. கத்தார்க்காரர்கள் சவூதி மேய்ச்சல் நிலத்தில் விட்டிருந்த ஒட்டகங்களை ஓட்டிப் போகச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான ஒட்டகங்கள் ஜூன் வெயிலில் எல்லையில் தவிக்க, கத்தார் அவசரமாகத் தண்ணீரும் தீவனமும் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹஜ்ஜுக்காக மட்டும் கத்தார் பயணிகளுக்குக் கொஞ்ச நாள் சல்வா திறந்தது.

இது மறுபடி திறந்ததில் குவைத் அமீர் ஷேக் சபாஹ் அல் அஹ்மதின் பங்கை மறக்கவே கூடாது. மூடிய மறுநாளே, 88 வயதை நெருங்கும் அந்த மனிதர் சமரசம் பேச ஜித்தா போனார். அடுத்த நாள் துபாய், பிறகு தோஹா. உறவை முறித்த நாடுகளிடமிருந்து கத்தாருக்கு 13 கோரிக்கைப் பட்டியலும் பத்து நாள் கெடுவும் வந்த பிறகும் அவர் விடவில்லை. 2020 செப்டம்பரில் காலமானார், பலனைப் பார்க்கவில்லை. 2021 ஜனவரி 4 இரவு எல்லை திறக்கும் செய்தியை அறிவித்தவர் குவைத் வெளியுறவு அமைச்சர். மறுநாள்தான் சவூதியின் அல் உலாவில் நடந்த வளைகுடா நாடுகள் மாநாட்டில் சமரச உடன்பாட்டுக்குக் கையெழுத்து.

அதன் பின் வந்த வரிசையைக் கவனியுங்கள். ஜனவரி 9-இல் கார்கள், பிப்ரவரியில் சரக்கு, ஜூனில்தான் சவூதித் தூதர் தோஹா வந்தார். அமீரகத் தூதரகம் திறக்க 2023 ஜூன் ஆனது. அதனால் வாசல் திறந்திருப்பதை மட்டும் வைத்து உறவு முழுசாகச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 டிசம்பரில் ரியாத்–தோஹா அதிவேக ரயிலுக்கு இரு நாடும் கையெழுத்திட்டன. ஹுஃபூஃப், தம்மாம் வழியாக 785 கி.மீ., ஆறு ஆண்டுகளில் முடிப்பதாகத் திட்டம். அத்தனை பணம் போட்டுப் பாதை போடுகிறவர்கள் இந்த எல்லையை இனி எளிதில் மூட மாட்டார்கள் என்பது எங்கள் கணிப்பு.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஒன்று குறைவது இரண்டு பக்கமும் தனித்தனியாக நிறுத்துவதற்காக. வியாழன் இரவைத் தவிர்த்து, வேலை நாளில் அதிகாலை போனால் வரிசை குறைவு. குளிர்காலமானால் சல்வா தாண்டியதும் பனிமூட்டம் இருக்கும், ஹுஃபூஃப் ரோட்டில் ஒட்டகம் குறுக்கே வரும். பெட்ரோலைக் கத்தார் பக்கமே நிரப்பிக்கொண்டு, விடிந்த பிறகு அந்த ரோட்டில் இறங்குங்கள்.