கார்பனா, ஆல்கலைனா, சார்ஜ் ஏற்றும் கட்டையா?

கடையில் பென்சில் பேட்டரி கேட்டால் மூன்று ரகம் கிடைக்கும்: விலை குறைந்த கார்பன்-துத்தநாகக் கட்டை, கொஞ்சம் கூடுதல் விலையில் ஆல்கலைன், திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு. எதை வாங்குவது என்று முடிவுசெய்ய விளம்பரத்தைவிட உள்ளே நடக்கும் வேதியியல் நன்றாக உதவும்.

முதல் இரண்டிலும் நடப்பது ஏறக்குறைய ஒரே வினைதான். துத்தநாகம் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கிறது, மாங்கனீசு டை ஆக்சைடு அதை வாங்கிக்கொள்கிறது. கொடுப்பதும் வாங்குவதும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். அதனால் நடுவில் ஒரு தடுப்புத் தாள் இருக்கிறது. எலக்ட்ரான்கள் வெளியே பல்பு வழியாகச் சுற்றித்தான் போக முடியும். உள்ளே அயனிகள் (மின்சுமை ஏறிய அணுக்கள்) மின்பகுளியில், அதாவது அவற்றை நகரவிடும் கரைசலில் அல்லது பசையில், நகர்ந்து மின்சுமையைச் சமன்செய்யும். 1.5 வோல்ட் என்பதும் இந்தப் பொருள்களால் வருவதுதான். டார்ச்சில் போடும் பெரிய கட்டைக்கும் பென்சில் கட்டைக்கும் வோல்ட் ஒன்றாக இருப்பது அதனால்தான். பெரியது அதிக நேரம் உழைக்கும், அவ்வளவே.

அப்புறம் வித்தியாசம் எங்கே? கட்டிய விதத்தில். கார்பன் கட்டையில் துத்தநாகக் குவளையே எதிர்மின் (மைனஸ்) முனை. நடுவிலுள்ள கரித்தண்டு மின்னோட்டத்தைச் சேகரிப்பதோடு சரி, வினையில் சேராது. பிரெஞ்சுப் பொறியாளர் லெக்லாஞ்சே 1866-இல் கண்ணாடி ஜாடியில் செய்ததன் உலர்ந்த வாரிசு இது. மின்பகுளி அம்மோனியம் குளோரைடு அல்லது துத்தநாக குளோரைடு பசை. வினை நடக்கக் குவளையின் உள்சுவர் மட்டுமே இருக்கிறது. வேகமாக மின்சாரம் இழுத்தால் வினையின் கழிவுகள் அங்கேயே தேங்கி, உள்தடை (கட்டைக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு வரும் தடை) கூடி, வோல்ட் சரிந்துவிடும். கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் திரும்ப எழும். மங்கிய டார்ச் கட்டையை வெயிலில் வைப்பது இதனால்தான் சற்று பலிக்கிறது: சூட்டில் அயனிகள் வேகமாக நகரும். புதிதாக எதுவும் ஏறுவதில்லை.

1950-களில் கனடாவில் பிறந்த பொறியாளர் லூயிஸ் அர்ரி உருவாக்கிய ஆல்கலைன் கட்டை இந்த அமைப்பை உள்வெளியாகப் புரட்டிவிட்டது. துத்தநாகம் தூளாகி, கூழாக நடுவே வந்தது. மாங்கனீசு டை ஆக்சைடு வெளிச்சுற்றுக்குப் போனது. தூளின் பரப்பு சுவரின் பரப்பைவிடப் பல மடங்கு. மின்பகுளியான பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் நன்றாகக் கடத்தும். எனவே இழுப்பு கூடினாலும் கார்பனைப் போலத் தளராது. மெதுவாக இழுத்தால் பென்சில் அளவில் 2,000 மில்லி ஆம்பியர்-மணிக்கு (கட்டை தரும் மொத்த மின்சாரத்தின் அளவு) மேல் தரும். கார்பன் அதில் பாதியைத் தாண்டுவதே பெரிது.

மூன்றாவது ரகத்தை 1.2 வோல்ட்தானே என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது அவசர முடிவு. ஆல்கலைன் 1.5-இல் தொடங்கினாலும் பயன்படுத்தப் பயன்படுத்த வழுக்கிக்கொண்டே இறங்கும். நிக்கல் கட்டையோ 1.2-ஐ ஒட்டியே கடைசிவரை நிற்கும். உள்தடை குறைவு என்பதால் கேமரா ஃபிளாஷ், மோட்டார் பொம்மை போன்ற பெரும் பசிக்காரர்களுக்கு இதுதான் சரி. வினைப்பொருள்கள் மின்வாயிலேயே (வினை நடக்கும் முனையிலேயே) தங்குவதால் சார்ஜ் ஏற்றும்போது வினையைப் பின்னோக்கி ஓட்ட முடிகிறது. குறை என்னவென்றால், சாதாரண வகை சும்மா இருந்தாலும் சில மாதங்களில் பெரும்பகுதி சார்ஜை இழக்கும். இப்போது வரும் ‘தன்னிழப்பு குறைந்த’ வகை பரவாயில்லை.

என் தேர்வைச் சொல்கிறேன். சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் கார்பனே போதும், அவை இழுப்பது சொற்பம். அவசர டார்ச்சுக்கும் எப்போதாவது எடுக்கும் கருவிகளுக்கும் ஆல்கலைன். தினமும் ஓடும் பொம்மைக்கும் வயர்லெஸ் மவுஸுக்கும் நிக்கல்.

ஆனால் ஆல்கலைன் கசியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கார்பனில் குவளையே கரைந்து ஓட்டையாகிறது. ஆல்கலைனில் துத்தநாகம் அரித்து உண்டாகும் ஹைட்ரஜன் அழுத்தம் கூட்டி அடைப்பைத் திறந்துவிடும். வெளியே வரும் காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படியும். கையுறை போட்டுக்கொண்டு, எலுமிச்சைச் சாறு நனைத்த பஞ்சால் துடைத்தால் போகும். கசிவுக்கு இன்னொரு காரணம் பழையதையும் புதியதையும் ஒரே கருவியில் சேர்த்துப் போடுவது: முதலில் தீர்ந்த கட்டையை மற்றது தலைகீழாக ஓட்டும், பெரும்பாலும் அதுதான் கசியும். மாற்றும்போது எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள், ரகம் கலக்காமல்.